அந்தரத்தில் நின்ற கை

அம்மாவின் உள்ளங்கையில் அடித்தால் ஒட்டும். ஷூ கம்பெனியில் தோலின் ஓரத்தை மடித்து ஒட்டும் பசைக்கு 'சொல்யூஷன்' என்று பெயர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது விரல் இடுக்கிலும் கைரேகையிலும் மெல்லிய சவ்வாகக் காய்ந்து கிடக்கும். அந்தக் கையில் நம் கையை ஓங்கித் தட்டினால் 'சப்'பென்று ஒரு சத்தம் வரும். பிறகு இரண்டு கைகளும் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்று, பிசுக்கென்று விட்டுப் பிரியும். ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாசனை நம் கையில் தங்கிவிடும், சோறு பிசையும்போதுகூட அது வரும். அந்த ஒட்டலுக்காகவும் வாசனைக்காகவும் நானும் தம்பி டேவிட்டும் அவள் போதும் போதும் என்று கத்தும்வரை அடித்துக்கொண்டே இருப்போம்.

இப்போது நான் வேலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் வகுப்பு வாசலில் நின்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எம்பிக் குதித்து, என் கையில் ஒரு 'ஹைஃபை' போட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். உலகம் உண்டான நாளிலிருந்தே மனிதர்கள் இப்படித்தான் கை தட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். அப்படியில்லை. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியும், அந்தக் கதையை என் அம்மா எஸ்தரின் பெயரைச் சொல்லாமல் சொல்ல முடியாது. ஊரில் முதலில் டிவி வாங்கினோம், முதலில் ஸ்கூட்டர் வாங்கினோம் என்று பெருமை பேசுகிற குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த பெருமை இதுதான், இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதற்கு முன் எங்கள் பக்கத்தில் கையில் கை தட்டும் வழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது, ஆனால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒருவர் உள்ளங்கையை நீட்டி மற்றவர் அதில் அடித்தால் அது சத்தியம். பொய்யாக அடித்தால் கை அழுகிப்போகும் என்று பிள்ளைகளாகிய நாங்கள் உறுதியாக நம்பினோம். சத்தியம் செய்யவே கூடாது என்பது ஞாயிறு பள்ளியில் படித்த பாடம் என்பதால், யாராவது கையை நீட்டினால் அம்மா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள். தோல் மண்டியில் அதற்கு வேறு அர்த்தம். அங்கே தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கடியில் கையை மறைத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். படிந்துவிட்டால் துண்டை உதறிவிட்டுப் பட்டென்று கையில் கை அடிப்பார்கள். 'கை அட்ச்சாச்சு' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. டீக்கடை பெஞ்சில் யாராவது நல்ல வேடிக்கையாக ஒன்று சொன்னால் பக்கத்தில் இருப்பவன் 'போடு கைய' என்பான். இதெல்லாம் ஆண்களோடு சரி. பெண்களுக்குச் சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவளின் தோளில் அடிப்பார்கள். சந்தோஷம் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

கையை நீட்டுவது ஒன்று, உயர்த்துவது வேறொன்று. எங்கள் கோயிலில் ஆராதனையின் முடிவில் போதகர் ஐயா வெள்ளை அங்கியோடு பீடத்தின் முன்னால் வந்து, வலது கையை மெல்ல உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவார். அவர் கை மேலே போனதும் எங்கள் தலை தானாகக் கீழே போய்விடும், கண் மூடிக்கொள்ளும், முடிவில் வாய் ஆமென் சொல்லும். தாய்ப்பால் குடிக்கிற வயதிலிருந்து பழகிய கழுத்து அது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் கழுத்துதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம், அம்மா கம்பெனி வேலைக்குப் போனாள். அதற்கு முன்னும் ஷூ வேலைதான், ஆனால் வீட்டில். ஏஜென்ட் ஒருவர் சைக்கிளில் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் தோல் மேல்பாகங்களை முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு கையூசியால் தைத்துத் தர வேண்டும். வேலை வந்தால் வரும், நின்றால் நிற்கும். ஏஜென்ட் முகம் சுளித்தால் அந்த வாரம் மூட்டை வராது. கம்பெனியில் புதிதாக ஒரு 'லைன்' போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகம். "ரயில்வேக்காரன் பொண்டாட்டி கம்பெனிக்குப் போவணுமா?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அப்பா, "நான் வேலைக்குப் போறது அவளக் கேட்டுக்கினா போறேன்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

கம்பெனியில் அம்மாவுக்கு நீலக் கோட்டு கொடுத்தார்கள், கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை கொடுத்தார்கள். லைனில் முதல் டேபிள் அவளுடையது. தோலின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படியவைப்பது வேலை. எதிர்நாற்காலியில் நூர்ஜஹான் அக்கா. கோட்டும் அட்டையும் அம்மாவுக்குப் பிடித்திருந்தன, ஆனால் எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது டீ மணி. "மணி அட்ச்சா எல்லாரும் ஒண்ணா எழுந்துப்போம்டி, ஒண்ணா டீ குடிப்போம், ஒண்ணா சிரிப்போம். வூட்ல உக்காந்து தைக்கிறப்போ எனக்குப் பேச்சுத் துணைக்கு அந்த ஊசிதான் இருந்துது" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த லைன் வெறும் 'ட்ரையல்' லைன். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர் ஒருவர் வருவார். எந்த நாடு, என்ன பெயர் என்பது டேபிள் வரைக்கும் வராது, கம்பெனியில் அவருக்கு 'பையர்' என்று பெயர், அவ்வளவுதான். அவர் வந்து சாம்பிள் ஜோடிகளைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் லைன் நிலைக்கும். கொடுக்காவிட்டால் லைனை மூடிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அம்மாவுக்குத் திரும்பவும் மூட்டையும் ஊசியும்தான்.

பையர் வந்தார். நல்ல உயரம், நரைத்த தலை, வெள்ளைச் சட்டை. முதல் டேபிளில் அம்மா மடித்துவைத்திருந்த தோலை எடுத்து இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அம்மாவுக்கு நேரே நின்று, இங்கிலீஷில் என்னவோ சொல்லிக்கொண்டே வலது கையை உயர்த்தினார். உயரமான ஒரு பெரியவர், வெள்ளை உடுப்பு, உயர்ந்த உள்ளங்கை. அம்மாவின் கழுத்துக்கு வேறென்ன தெரியும்? கோட்டின் மேல் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்துவிட்டாள். லைன் நன்றாக ஓடவேண்டுமென்று வெளிநாட்டுக்காரர் ஜெபம் பண்ணுகிறார் என்றே அவள் நினைத்தாளாம். முதல் டேபிள் குனிந்ததைப் பார்த்து இரண்டாவது டேபிள் குனிந்தது. அப்படியே லைனின் கடைசிவரை தலைகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பாதிப் பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள்; மீதிப் பேரும், பெரியவர்கள் கையைத் தூக்கினால் குனிந்து வைப்பது நல்லதுதானே என்று குனிந்தவர்கள். கடைசி வரிசையிலிருந்து யாரோ "ஆமென்" என்று வேறு சொன்னார்கள். அது யார் என்பது இன்றுவரை தெரியாது.

பையர் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாராம். பிறகு மெல்ல இறக்கி, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கண்ணைத் திறந்தபோது எதிரில் சூப்பர்வைசர் சம்பத் சார் மட்டும்தான் நின்றார், முகம் கடுகடுவென்று.

"இன்னாம்மா இது? அவ்ளோ பெரிய மனுஷன் கைய தூக்கினு நிக்கிறாரு, நீங்க எல்லாரும் தூங்கி வுழுந்துகினு கீறீங்க?"

"கைய தூக்கினா இன்னா சார் பண்ணணும்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

சம்பத் சார் சற்று யோசித்தார். "அது எனக்கு இன்னா தெரியும்? ஆனா நீங்க பண்ணது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என் எதிரில் வந்து நின்று, கையை உயர்த்திக் காட்டி, "ஏண்டி கிரேஸு, ஒரு ஆளு நம்ம எதிர்ல வந்து இப்டி கைய தூக்கினா இன்னா அர்த்தம்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எங்க ரயில்வேல ரெண்டு கையும் தூக்கினா வண்டிய நிறுத்துன்னு அர்த்தம். ஒரு கைன்னா, ஓட்டு கேக்க வந்திருப்பான்."

மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த டேவிட் கட்டிலிலிருந்து குதித்தான். "அம்மா, அடிக்கணும்மா!"

"யாரடா? அந்த வெள்ளக்காரரையா?"

"கையம்மா! அவரு கைய உன் கையால அடிக்கணும். டிவில விக்கெட் வுழுந்தா ஓடியாந்து ஓடியாந்து அடிச்சுக்கிறாங்க இல்ல? அந்த மாதிரி. சந்தோஷம்னு அர்த்தம்!"

சொன்னவன் எம்பிக் குதித்து, அம்மாவின் உயர்ந்திருந்த கையில் ஒன்று போட்டான். சப்பென்றது, ஒட்டியது, பிரிந்தது. எங்கள் வீட்டின் முதல் ஹைஃபை அதுதான். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின, அப்போது அதற்கு 'மேட்ச் கை' என்றுதான் பெயர் வைத்திருந்தோம்.

அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ அந்த மனுஷன் சந்தோஷத்த நீட்டிக்கினு நின்னிருக்காரு. நான் வாங்கிக்காம கண்ண மூடிக்கினேன்" என்றாள். தன்னால்தான் ஆர்டர் போகப்போகிறது, தன்னால்தான் லைனில் உள்ள அத்தனை பேரும் ஊசிக்குத் திரும்பப்போகிறார்கள் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். நீட்டிய கையை அந்தரத்தில் விடுவது பந்தியில் உட்கார்ந்தவனை இலையோடு எழுப்புவதுபோல என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அப்பாவின் வேடிக்கைப் பேச்சு எதுவும் அன்று எடுபடவில்லை.

ஆர்டர் வந்தால் ஃபேக்ஸில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும் விதத்திலேயே வரவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஒருநாள், மழைக்காலம் முடிந்ததும் பையர் திரும்பவும் நேரில் வருகிறார், பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார் என்ற சேதி வந்தது. அம்மாவுக்கு உயிர் வந்தது. "இந்தத் தரம் வுட மாட்டேன். அவரு தூக்கினாலும் சரி, தூக்காட்டியும் சரி, அந்தக் கைக்கு நான் பதில் சொல்லிடணும்" என்றாள்.

அன்றிலிருந்து தொடங்கியது பயிற்சி. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சந்தோஷத்துக்காகக் கையை ஓங்காத ஒரு பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. முதலில் சோறு வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல மெல்லத் தொட்டாள். "அம்மா, அடி!" என்று நாங்கள் கத்தினால், கணக்கில் முட்டை வாங்கிய நாளில் விழுவதுபோல ஓர் அடி விழும்; டேவிட் கையை உதறிக்கொண்டு ஓடுவான். கண்ணைத் திறந்து அடித்தால் கூச்சமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், கை காற்றில் போய் என் மூக்கில் பட்டது. பல சமயம் நாங்கள் கையைத் தூக்கியதுமே பழக்கதோஷத்தில் தலை குனிந்துவிடும். அப்போது டேவிட் போதகர் ஐயாவின் குரலில் ஆசீர்வாதம் சொல்லத் தொடங்குவான், அடுத்த அடி நிச்சயமாக அவன் முதுகில்தான். பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்த அப்பா, மனைவியும் மக்களும் ஆளுக்கொரு பக்கம் பட்டுப்பட்டென்று அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "இன்னா, வூட்ல கொசு ஜாஸ்தியா?" என்றார்.

அம்மா கற்றதைக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். யாரிடம் கை உயர்ந்தாலும் லைனே தயாராக இருக்கவேண்டும் என்பது அவள் ஏற்பாடு. முதல் டேபிள் என்ன செய்கிறதோ அதையே மற்றவர்களும் செய்வது என்று முடிவாயிற்று. நூர்ஜஹான் அக்கா மட்டும், "அல்லாவே, அன்னிய ஆம்பள கைய நான் தொட மாட்டேன் எஸ்தர். நான் சலாம் போட்டுக்கிறேன், நீ அட்ச்சுக்கோ. நமக்குள்ள அட்ச்சுக்கிறதுன்னா எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல" என்று சொல்லிவிட்டார். சொன்னவர்தான் லைனிலேயே கெட்டிக்காரியாகிவிட்டார். கண்ணாடி வளையல் கலகலக்க அவர் போடும் அடி மூன்றாவது டேபிள்வரை கேட்குமாம். டீ மணி அடித்தால் ஓர் அடி, ஒரு கட்டுத் தோல் மடித்து முடிந்தால் ஓர் அடி, சம்பத் சார் அந்தப் பக்கம் திரும்பினால் சும்மாவே ஓர் அடி. அதுவரை சந்தோஷம் வந்தால் வாயை மூடிக்கொண்ட பெண்கள் கையைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக, ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால்கூடப் பிள்ளைகள் கையில் கை தட்டிக்கொண்டார்கள்.

அது கோயில்வரைக்கும் போனது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து போதகர் ஐயா வாசலில் நின்று, வரிசையில் வரும் சிறுபிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் கையை உயர்த்தி ஆசி சொல்லிக்கொண்டிருந்தார். டேவிட்டின் முறை வந்தது. ஐயாவின் கை உயர்ந்தது. இவன் இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து, எம்பி, சத்தமாக ஒன்று போட்டான். கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா டேவிட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வழியெல்லாம், "எங்க குனியணும், எங்க அடிக்கணும்னு தெரிய வேணாம்?" என்று அவள் திட்டியபோது, அப்பா பின்னாலிருந்து, "அத்தத் தெரியாமதான் நீ கம்பெனில குனிஞ்ச, அவன் கோயில்ல அட்ச்சான். வம்சம்" என்றார். அதற்குப் பிறகு வெகுநாள்வரை போதகர் ஐயா சிறுபிள்ளைகள் பக்கம் வந்தால், கையை உயர்த்துவதற்கு முன் டேவிட் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

பையர் வரும் நாள் வந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரே கவலை, கை ஒட்டுமே என்பதுதான். அந்த மனிதரின் கையில் தன் கை ஒட்டிக்கொண்டால் என்ன நினைப்பார்? ஆனால் வேலை நடந்தாக வேண்டும், சொல்யூஷனைத் தொடாமல் முடியாது. நூர்ஜஹான் அக்கா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அம்மாவின் வலது உள்ளங்கை முழுவதும் கொட்டித் தேய்த்துவிட்டார். 'ரோஜாப்பூ மாதிரி மணக்குது, போ' என்றாராம்.

அதற்குப் பின் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர்களைவிட நன்றாக எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அம்மா வந்து, டேவிட்டை பையராகவும் அப்பாவை சம்பத் சாராகவும் நிற்கவைத்து, எங்கள் வீட்டுக்குள் அதை அப்படியே நடத்திக் காட்டினாள். நான் லைனில் உள்ள மற்ற அத்தனை பெண்களாகவும் இருந்தேன்.

பையர் முதல் டேபிளுக்கு வந்தார். மடித்த தோலை எடுத்தார், இழுத்தார், வளைத்தார், தலையை ஆட்டினார். அம்மா காத்திருந்தாள். அவர் கையை உயர்த்தவில்லை. போன தடவை பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, தோலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த டேபிளுக்குத் திரும்பப் போனார். கேட்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது லைனில் சட்டம். அம்மா எழுந்துவிட்டாள். எழுந்து, நிமிர்ந்து, பவுடர் பூசிய வலது கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினாள். முதல் டேபிள் செய்ததை எல்லாரும் செய்வது என்று பேச்சல்லவா, அவளுக்குப் பின்னால் கடைசிவரை கைகள் உயர்ந்தன.

பையர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார், பின்னால் இருந்த கைகளைப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று பயபக்தியாகிவிட்டது. ஒன்றும் தெரியாதவர் அல்லவே அவர், போன தடவை வந்து பார்த்துத் தெரிந்துகொண்டுதானே போயிருக்கிறார், இந்த ஊரில் ஒருவர் கையை உயர்த்தினால் மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று! இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த நெட்டை மனிதர் அம்மாவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். பையரே குனிந்ததைப் பார்த்த சம்பத் சார், இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று தானும் அவசரமாகக் குனிந்தார்.

அம்மாவின் கை இப்போது அந்தரத்தில். அடிக்க எதிர்க் கை இல்லை. நூர்ஜஹான் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "எஸ்தர், குனிஞ்சுகினு நிக்கிறாரு பாரு, எத்தயாவது சொல்லு!" என்றார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. போன தடவை அவர் கையை வெறுமனே அனுப்பினோம், இந்தத் தடவை அவர் தலையையும் வெறுமனே அனுப்புவதா என்று தோன்றியதாம். போதகர் ஐயாவின் குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு, "நல்லா இருங்க சார். புள்ளகுட்டியோட நல்லா இருங்க. எங்களுக்கும் ஆர்டர் குடுங்க" என்று சொன்னாள்.

கடைசி வரிசையிலிருந்து அதே குரல், "ஆமென்" என்றது.

அவ்வளவுதான். லைன் முழுவதும் சிரிப்பு வெடித்துவிட்டது. பையர் கண்ணைத் திறந்தார். இன்னும் உயர்ந்தே நிற்கும் அந்த வெள்ளைக் கையையும், சிரிப்பையும், அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று அவருக்குப் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி அம்மாவின் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். பவுடர் புகையாகப் பறந்தது. பிறகு டேபிள் டேபிளாகப் போய், உயர்ந்திருந்த கை ஒவ்வொன்றிலும் அடித்துக்கொண்டே போனார். நூர்ஜஹான் அக்கா கையை இறக்கி நெஞ்சில் வைத்து சலாம் சொல்ல, அவரும் நின்று, தன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். கடைசியில் சம்பத் சாரும் கூச்சத்தோடு கையைத் தூக்கினார், அவருக்கும் ஒன்று கிடைத்தது.

இதை நடித்துக் காட்டி முடித்தபோது அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததாலா என்று கேட்டேன். "போடி, வாங்கிக்கினேன்டி. அவரு நீட்டினத வாங்கிக்கினேன்" என்றாள். எங்களுக்கும் அப்போது கண்கள் கலங்கின, ஏன் என்று தெரியாமலேயே.

அடுத்த வாரம் ஃபேக்ஸ் வந்தது. லைன் நிலைத்தது. "கை தட்னதால ஒண்ணும் வர்ல, தையலுக்குத்தான் ஆர்டர் வந்துது" என்று சம்பத் சார் கண்டிப்பாகச் சொன்னார். "தையல் போன தரமும் இதேதான் சார் இருந்துது" என்றாள் அம்மா. எனக்கு இதில் எது உண்மை என்று தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்லும்போது கைதான் ஜெயித்தது என்று சொல்கிறேன்.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் அம்மாவின் கை மேலே போகும். நான் பத்தாம் வகுப்பில் பாஸானபோது, டேவிட் சைக்கிள் ஓட்டக் கற்றபோது, அப்பா ஓய்வு பெற்று மாலையோடு வந்து இறங்கியபோது, எனக்கு வேலை உத்தரவு வந்தபோது எல்லாம் முதலில் அந்த 'சப்', அந்த ஒட்டல், அதற்குப் பிறகுதான் பேச்சு. சாதிச்சான்றிதழ் கிடைத்ததற்குக்கூட ஒன்று போட்டிருக்கிறோம்.

இப்போது அந்த லைன் இல்லை. நான் கல்லூரி முடித்துச் சில வருஷங்களில் கம்பெனி வேறிடத்துக்குப் போய்விட்டது. டீ மணி தொங்கிய இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. நூர்ஜஹான் அக்கா பெங்களூரில் மகனோடு இருக்கிறார். போனில் அம்மாவோடு பேசி முடிக்கும்போது அந்தப் பக்கம் வளையல் கலகலக்க எதன்மேலோ ஒரு தட்டு கேட்கும், அம்மாவும் இந்தப் பக்கம் தன் தொடையில் ஒன்று தட்டுவாள். என் வகுப்புப் பிள்ளைகளோ இப்போது தொடாமலேயே காற்றில் அடித்துக்கொள்கிறார்கள், அதற்கு 'ஏர் ஹைஃபை' என்று பெயராம். அம்மாவிடம் சொன்னேன். "தொடாட்டி அப்புறம் எத்த வாங்கிக்கிறது?" என்று கேட்டாள்.

போன மாதம் டேவிட்டுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் போன் செய்ததும் நான் முதலில் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஓடினேன். அம்மாவின் முகம் மலர்ந்தது, கை உயர்ந்தது. ஆனால் பாதிதான் உயர்ந்தது. எத்தனையோ வருஷம் சுத்தியல் பிடித்த அந்தக் கை இப்போதெல்லாம் நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. கை அந்தரத்தில் நிற்க, அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கைக்கு என் கை எட்டவேண்டுமானால் நான் நன்றாகக் குனியவேண்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தேன். அப்படிக் குனிந்ததும் என்னையறியாமல் என் கண் மூடிக்கொண்டது, அவள் உள்ளங்கை என் நெற்றிக்கு நேரே இருந்தது. சொல்யூஷன் வாசனை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, இருந்தாலும் எனக்கு வந்தது.

தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"இன்னாடி, கண்ண மூடிக்கினு கீற? அடி!"